விட்டமின் சி தயாரிப்பு: அசிட்டோனா, ஜோடி பாக்டீரியாவா?

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிச் சப்புகிற ஆரஞ்சு நிற விட்டமின் சி மாத்திரைக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. அதன் மூலப்பொருள் குளுக்கோஸ். குளுக்கோஸை விட்டமின் சி ஆக்குவதில் மூன்று வழிகளுக்குள் போட்டி.

மூத்தது, சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைன் 1930களில் கண்டது. குளுக்கோஸை ஹைட்ரஜனேற்றி, சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் ஆக்குவார்கள். அதை ஒரு பாக்டீரியா சார்போஸ் என்ற சர்க்கரையாக ஆக்கித் தரும். நுண்ணுயிரின் வேலை அத்தோடு சரி, மிச்சமெல்லாம் வேதியியல். சார்போஸ் மூலக்கூறின் ஒரு முனை மட்டும் ஆக்சிஜனேற்றம் ஆக வேண்டும். மற்ற இடங்கள் கெடாமல் இருக்க அசிட்டோனால் மூடி, காரியம் முடிந்ததும் மூடியைக் கழற்ற வேண்டும். பல பத்தாண்டுகள் உலகத்தின் தேவையைத் தீர்த்த வழிதான். ஆனாலும் மூடித் திறக்கவே கரைப்பானும் ஆற்றலும் செலவாகின்றன. அசிட்டோனோ சட்டென்று தீப்பிடிக்கும்.

1970களில் சீனர்கள் சார்போஸ் வரை அதே பாதையில் வந்து, அங்கே பிரிந்தார்கள். அசிட்டோனை விட்டுவிட்டு ஒரே தொட்டியில் இரண்டு பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். கெட்டோகுலோனிசிஜீனியம் வல்கேர், பேசில்லஸ் மெகாடீரியம். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, அங்கேயே ‘சின்னது’, ‘பெரியது’ என்றுதான் சொல்கிறார்கள். சார்போஸை, விட்டமின் சி-க்கு முந்தைய படியான கீட்டோ குலோனிக் அமிலமாக மாற்றுவது சின்னது. ஆனால் அதைத் தனியாகத் தட்டில் வளர்த்தால் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய புள்ளிகள்தான் வரும். சில அமினோ அமிலங்களையும், டிஎன்ஏ-வுக்கு வேண்டிய பியூரின்களையும் தானே செய்துகொள்ள அதற்கு வக்கில்லை. பெரியது அந்த அமிலத்தைத் தயாரிப்பதில்லை. அது வளரும்போது வெளிவிடும் சத்தும், ஸ்போர் (உறங்கும் வித்து) ஆகி உடம்பு உடையும்போது கொட்டும் புரதமும்தான் சின்னதுக்குச் சாப்பாடு. சமையற்காரரும் கொத்தனாரும் ஒரே வீட்டில் இருப்பது மாதிரி.

சும்மா வருவதில்லை இந்தக் கூட்டு. பெரியது தின்பதும் முதலாளியின் காசு. இரண்டின் விகிதம் பிசகினால் விளைச்சல் அடிவாங்கும். இதற்கு முன்னால் சார்போஸுக்கென்று தனியாக ஒரு நொதித்தல் வேறு இருப்பதால், கிருமி நீக்கும் வேலையும் இரண்டு தடவை.

மூன்றாவது வழி, காகிதத்தில் மிக அழகானது. எர்வினியா என்ற பாக்டீரியா குளுக்கோஸைப் பாதி தூரம் கொண்டு வரும், கோரினிபாக்டீரியம் என்ற இன்னொன்று அதே அமிலம் வரை மீதியை முடிக்கும் என்று ஜப்பானியர்கள் 1982-ல் காட்டினார்கள். 1985-ல் அமெரிக்காவில் இரண்டாவதன் மரபணுவை முதலாவதற்குள் வைத்து, ஒரே பாக்டீரியாவிடம் முழு வேலையையும் கொடுத்தார்கள். சிக்கல் எங்கே என்றால், சேர்ந்த அமிலத்தை எர்வினியாவின் சொந்த நொதி ஒன்றே வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியை முடக்கிப் பார்த்தார்கள். அப்படியும் தொழிற்சாலையில் ஜோடியை அசைக்க முடியவில்லை.

நான் ஆலை வைத்தால் சீன வழிதான். அசிட்டோன் வேலை ஒழிவது ஒன்றே எனக்குப் போதும். ஆனால் ‘முழுக்க இயற்கை முறை’ என்று டப்பாவில் எழுத மாட்டேன். அந்த அமிலத்தை விட்டமின் சி ஆக்கும் கடைசிக் கட்டம் மூன்று வழியிலும் வேதியியல்தான்.

இப்போது சார்போஸ் தயாரிக்கும் பாக்டீரியாவையும் அதே தொட்டியில் போட்டு, மூன்றையும் சேர்த்து வளர்க்கப் பார்க்கிறார்கள். அதுவோ, தான் செய்த சார்போஸைத் தானே தின்னும். அப்படித் தின்ன வைக்கும் மரபணுக்களை நீக்கிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள்.