ஆறு வருடமாகப் பழைய ஒமேகா, இரண்டு வருடமாகப் புது டியூடர்: முதல் வாட்ச் பழசா, புதுசா?

முதல் நல்ல வாட்ச் பழசு வாங்கலாமா புதுசு வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழைய வாட்சைப் பிரித்து மாட்டத் தெரிந்த, நீங்கள் நம்பும் ஆள் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் பழசு பாருங்கள். இல்லையென்றால் இப்போதைக்குப் புதுசே போதும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வாட்சை வாங்கிய பிறகுதான் ஆளைத் தேடி அலைந்தேன்.

நான் வாங்கியது 1960களில் செய்த ஒமேகா சீமாஸ்டர். உள்ளே 552 என்கிற ஆட்டோமேட்டிக் மெஷின் (கையசைவில் தானே சாவி ஏறும்), தேய்மானம் குறைக்க 24 கல், தேதி கிடையாது. விற்றவர் "இப்போதுதான் சர்வீஸ் செய்தது" என்றார், நானும் நம்பிவிட்டேன். யார் செய்தது, எப்போது, எந்தெந்தப் பாகத்தை மாற்றினார்கள், பில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் கை கழுவும்போது கொஞ்சம் தண்ணீர் தெறித்தது, அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது. அன்றைக்கே தேடிப்பிடித்து ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் பின்மூடியைத் திறந்து காட்டினார்: தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து இறுகி, ஊசியால் தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. எண்ணெய் வறண்டு கிடந்தது. சர்வீஸ் நடந்ததற்கான அடையாளமே இல்லை. நல்லவேளையாக டயலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த டயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். மெஷினைச் சரி செய்யலாம், கண்ணாடியை மாற்றலாம், ஆனால் டயலை அழித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டால் பழைய டயல் திரும்ப வராது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வருகின்றனவா, எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மை பரவியிருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். இருட்டில் ஒளிரும் பூச்சையும் விடாதீர்கள். அந்தக் காலத்து வாட்சுகள் பலவற்றில் டிரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருள் கலந்து பூசியிருப்பார்கள், கீழே 'ஸ்விஸ் மேட்' எழுத்துக்குப் பக்கத்தில் 'டி' என்று போட்டிருக்கும். 12.3 வருடத்துக்கு ஒரு முறை அதன் கதிரியக்கம் பாதியாகும் என்பதால் இத்தனை வருடம் கழித்து அது ஏறக்குறைய செத்துப்போயிருக்க வேண்டும். டயல் மங்கிக் கிடக்க, முள் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தால் யாரோ பிற்பாடு பூசியிருக்கிறார்கள். அதைவிடப் பழைய வாட்சுகளில் இன்னும் ஆபத்தான கதிரியக்கப் பொருளான ரேடியம் இருக்கலாம், அவற்றை வீட்டில் நீங்களாகத் திறக்கவே வேண்டாம்.

சர்வீஸ் முடிந்து திரும்பி வந்த பிறகு அந்த சீமாஸ்டர் எனக்குக் கொடுத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. சட்டைக் கைக்குள் தடுக்காமல் நுழையும் அளவு. அக்ரிலிக் கண்ணாடி சீக்கிரம் கீறும், ஆனால் துளி பாலிஷ் பேஸ்ட்டை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் கீறல் போய்விடும். கண்ணாடியின் நடுவில், உள்பக்கம், ஒமேகா சின்னத்தைக் கடுகளவுக்கும் சின்னதாகப் பொறித்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அது இருந்தால் கண்ணாடி கம்பெனிக் கண்ணாடி என்று அர்த்தம். ஆறு வருடமாகியும் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைத் தேடிப் பார்த்துவிடுகிறேன்.

தொல்லையும் உண்டு. ஒரு முறை ஸ்பீக்கர் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன், மறுநாள் பல நிமிடம் வேகமாக ஓடியது. காந்தம் ஏறி, வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர்ஸ்பிரிங் என்கிற மெல்லிய சுருள் கம்பியின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி காட்டியதும் சரியாகிவிட்டது. தண்ணீர்ப் பக்கம் மட்டும் இன்றுவரை அதைக் கொண்டு போவதில்லை, புது வளையம் போட்டிருந்தாலும்.

இரண்டு வருடத்துக்கு முன் டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எயிட் வாங்கினேன், புதுசு. 39 மில்லிமீட்டர், 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், ஐந்து வருட உத்தரவாதம். ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறாத சிலிக்கான் என்பதால் காந்தக் கவலை பெரிதாக இல்லை. முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் சரியான நேரம் காட்டுகிறது, பழையதாக இருந்தால் அதற்குள் நின்றிருக்கும். துல்லியத்தைச் சோதித்துத் தரும் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 விநாடி குறையலாம், 6 விநாடி கூடலாம், என்னுடையது 2 விநாடி கூடுகிறது. பழைய மெஷின் மணிக்கு 19,800 துடிப்பு, இது 28,800. காதருகே வைத்தால் வித்தியாசம் நன்றாகக் கேட்கும், எனக்குப் பழையதின் நிதானமான சத்தம்தான் பிடிக்கும்.

ஆனாலும் ஒரே ஒரு வாட்ச்தான், மழை, வேலை, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாவற்றுக்கும் அதையேதான் கட்டப்போகிறீர்கள் என்றால் புதுசையே எடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் என் கையிலும் டியூடர்தான். சீமாஸ்டர் போன மாதம் இரண்டாவது சர்வீஸுக்குப் போய் வந்தது, அதே ஆளிடம். டைம்கிராஃபர் என்கிற, ஓட்டத்தை அளக்கும் கருவியில் வைத்துக் காட்டினார், ஹேர்ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஆடும் பாலன்ஸ் சக்கரம் 280 டிகிரி வீசுகிறது, நல்ல அளவு. பின்மூடியின் உள்பக்கம் முதல் சர்வீஸ் தேதியைச் சின்னதாகக் குறித்து வைத்திருந்தார், இப்போது அதன் கீழே இன்னொரு தேதி.