கென்யா போகத் தயார்ப்படுத்தும் சேவை: எனக்கு நாலு ஸ்டார், என் வீட்டுக்கு ஒன்று

மே முதல் வாரம் கென்யாவில் கெரிச்சோ என்ற ஊருக்குப் போகிறேன். எட்டு வாரம். அங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளோடு உட்கார்ந்து உதவும் வேலை, சம்பளம் கிடையாது, டிக்கெட் நம் காசு. வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், அத்தை, நாலு பேரும் கோத்தகிரியிலேயே இருக்கப் போகிறார்கள். நான் பதினெட்டு வருஷமாக பிரைமரி டீச்சர், ஜூன் மாதத்துக்குச் சம்பளம் இல்லாத லீவு போட்டிருக்கிறேன். இப்படிப் போகிறவர்களைத் தயார்ப்படுத்தி, பள்ளியோடு சேர்த்துவிடும் ஒரு சேவையில் 18,000 ரூபாய் கட்டி ஆறு வாரப் பயிற்சியை முடித்துவிட்டேன், இது அதைப் பற்றிய விமர்சனம். பேரைப் போடவில்லை. பாதியில் திட்ட ஆரம்பிப்பேன், ஆனால் அவர்கள் மூலமாகத்தான் இன்னும் போயாக வேண்டும்.

முதலில் மாட்ட இருந்தது வேறொரு ஏஜென்சி. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பார்த்த பிறகுதான் இந்தச் சேவையின் அருமை தெரிந்தது. அவர்கள் கேட்டது மூன்றே மூன்று: 1,40,000 ரூபாய், பாஸ்போர்ட் நகல், டி-ஷர்ட் சைஸ். ஒரு அநாதை இல்லத்தில் இரண்டு வாரம், "அந்தக் குழந்தைங்களுக்கு அன்புதான் மேடம் வேணும், நீங்க வந்தா போதும்" என்று போனில் ஒரு பெண் சொன்னாள். நான் யார், இதுவரை எங்கே வேலை பார்த்தேன், என் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா, ஒரு கேள்வி கிடையாது. எங்கள் பள்ளியில் ஆயா வேலைக்கு ஒருவரை எடுக்கக்கூட நாலு இடத்தில் விசாரிப்போம். டி-ஷர்ட் சைஸை மட்டும் இரண்டு தடவை போன் செய்து உறுதிப்படுத்தினார்கள்.

அந்த "இரண்டு வாரம்" வேறு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளிக்கு ஒவ்வொரு வருஷமும் பயிற்சிக்கு டீச்சர் பெண்கள் வருவார்கள், சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வருஷம் இரண்டாம் வகுப்பில் ஜார்க்கண்டில் இருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, அப்படி வந்த ஒரு டீச்சரின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். இன்டர்வெல்லுக்கும் விட மாட்டாள், சத்துணவு வரிசையிலும் விட மாட்டாள். அந்த டீச்சர் கிளம்பிய பிறகு ஒரு வாரம் கேட் தெரிகிற ஜன்னல் பக்கமாகவே போய் உட்கார்ந்தாள். இந்த வருஷம் வந்த டீச்சரிடம் அவள் போகவே இல்லை. இத்தனைக்கும் சாயங்காலம் போனால் லைன் வீட்டில் அவளுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள். யாருமே பக்கத்தில் இல்லாத பிள்ளையிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு ஆள் வந்து வந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் தேடிப் படித்ததில் தெரிந்தது, உலகம் முழுக்க இப்படி இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள், வறுமைதான் கொண்டுவந்து விடுகிறது. பார்க்க வருகிறவர்கள் பணம் கட்டக் கட்ட, இல்லங்களும் பெருகுகின்றன. கென்யா அரசே 2017 நவம்பரில் புது குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அந்த ஏஜென்சியின் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சரி, இப்போது நல்லதுக்கு வருகிறேன். நான் சேர்ந்த சேவை முதல் நாளே போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்டது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய், அப்பாயின்ட்மென்டுக்கு மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய் வர ஒரு நாள். அடுத்து, எங்கள் தலைமை ஆசிரியைக்கு அவர்களே போன் செய்து நாற்பது நிமிஷம் பேசினார்கள். "இவங்க கோபம் வந்தா பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்குவாங்க" என்று கேட்டார்களாம். மேடம் என்ன பதில் சொன்னார் என்று இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்புகள் வாரம் இரண்டு நாள், இரவு ஏழு மணிக்கு ஆன்லைனில். மூடுபனி இறங்கினால் எங்கள் தெருவில் நெட்டும் சேர்ந்து படுத்துவிடும், அதனால் இரண்டு வகுப்பைப் பதிவில்தான் பார்த்தேன். சொல்லிக்கொடுத்ததில் நிறைய விஷயம் ஒரு டீச்சருக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்துப் போய் மூக்குடைபட்டேன். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்கக் கூடாது, முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவே கூடாது. இதெல்லாம் சரி. மூன்றாவது வாரம் ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் பத்து வயதுப் பிள்ளையாக நடித்து, "மிஸ், ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். நான் யோசிக்காமல், "சொல்ல மாட்டேன் கண்ணு, சொல்லு" என்றேன். அங்கேயே நிறுத்திவிட்டார். அந்தப் பிள்ளை சொல்லப்போவது அடி உதையாக இருந்தால், அதைவிட மோசமாக இருந்தால், நான் பள்ளியின் பொறுப்பாளரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்படியானால் முதல் வாக்கியத்திலேயே பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனை தடவை இதே சத்தியத்தைச் செய்திருப்பேன் என்று அன்று ராத்திரி எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். 18,000 ரூபாயில் பாதி அந்த ஒரு வகுப்புக்கே சரியாகிவிட்டது.

அத்தை ஒரு நாள் என் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "ஏம்மா, அந்த ஊர்ல டீச்சரே இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கும் அவர்களிடம் பதில் இருந்தது. டீச்சர் இருக்கிறார், அவர்தான் வகுப்பு எடுப்பார், நான் பக்கத்தில் உட்காரும் உதவி ஆள், அவர் வேலையை நான் பிடுங்கக் கூடாது. கென்யாவில் 2017 முதல் கொண்டுவந்த புதுப் பாடத்திட்டம் பற்றி ஒரு வகுப்பு, ஸ்வாஹிலி கொஞ்சம். டீச்சருக்கு ம்வாலிமு, டீக்கு சாய். மகன் என்னை ம்வாலிமு என்றுதான் இப்போது கூப்பிடுகிறான், கோபம் வந்தால் மட்டும் அம்மா.

அனுமதி விஷயத்திலும் கறாராக இருந்தார்கள். 2024 ஜனவரியில் இருந்து கென்யாவுக்கு விசாவுக்குப் பதிலாக இடிஏ என்ற ஆன்லைன் அனுமதி வந்துவிட்டது, 30 டாலர். அதை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றுலா என்று போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காரக் கூடாது, குறுகிய கால வேலைக்குத் தனியாக ஸ்பெஷல் பாஸ் உண்டு, அழைக்கிற பள்ளி அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஏஜென்சி, "டூரிஸ்ட்னே போட்டுக்கோங்க மேடம்" என்றது ஞாபகம் வந்தது.

தடுப்பூசிப் பட்டியலும் தெளிவு. மஞ்சள் காய்ச்சல் ஊசி கென்யா உள்ளே போக இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் திரும்பி வரும்போது கார்டு இல்லையென்றால் நம் ஏர்போர்ட்டிலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் கார்டு செல்லுபடியாகும், 2016க்குப் பிறகு ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். இதற்காக சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போய் வந்தேன். குன்னூரில் 1907ல் இருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை வைத்துக்கொண்டு ஒரு ஊசிக்கு ராத்திரி ரயிலில் சென்னை போகிறோமே என்று ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான். நாய்க்கடி ஊசியும் முன்கூட்டியே இரண்டு, முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. அப்புறம் ஏதாவது கடித்தால் போடுவது குறையும், ஆனால் போடாமல் இருக்க முடியாது.

இனி திட்டு. பொருள் பட்டியலை யாரோ சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து தயாரித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா என்றதும் மெல்லிய காட்டன், தொப்பி, சன் கிரீம். கெரிச்சோ கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,000 மீட்டர், கோத்தகிரியைவிட உயரம், சுற்றி தேயிலை, நான் போகிற மே மாதம் மழைக்காலம். ஸ்வெட்டரும் குடையும் பட்டியலில் இல்லவே இல்லை! பிளாஸ்டிக் பை எடுத்துப் போகாதீர்கள் என்ற குறிப்பையும் காணோம், 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. நீலகிரிக்காரிக்குத் துணிப்பை புதுசு இல்லை, செக்போஸ்ட்டில் டூரிஸ்ட்டிடம் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவதைப் பார்த்தே பழகியவள். மற்றவர்கள் கவனம்.

இதைவிடப் பெரிய குறை வீடு. ஆறு வாரத்தில் வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்காக அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். "குடும்பத்தினரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், அவசர எண்ணைப் பகிருங்கள்." பேசினோம். பேசி முடித்த அன்றே கேஸ் தீர்ந்தது, புக் செய்தால் ஓடிபி என் போனுக்கு வருகிறது. அப்போதுதான் உறைத்தது, வீடே என் நம்பரில் தொங்குகிறது. சிலிண்டர், கரண்ட் பில், இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஆப், வங்கி, ரேஷன் கார்டு. ரோமிங் போட்டுவைத்தால் மெசேஜ் வரும்தான், ஆனால் இங்கே சிலிண்டர்காரர் வாசலில் நிற்கும்போது நான் அங்கே வகுப்பில் இருப்பேன், போன் பையில் இருக்கும்.

இதை முடித்துக்கொடுத்தது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைத் தம்பி. போர்டு மழையில் அழிந்து "ராக்ஸ்" என்று மட்டும் தெரியும். போலீஸ் கிளியரன்ஸுக்குப் போனவளிடம், "டீச்சர், சார் நம்பரை எதுல எல்லாம் சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். சீசன் நெருங்குகிறது, காட்டேஜ்காரர்கள் கெஸ்ட்டுக்கு இ-பாஸ் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள், அதற்கு நடுவில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக என் வீட்டுக்காரர் நம்பருக்கு மாற்றினான். மொத்தம் 280 ரூபாய். அத்தைக்கு வீடியோ கால் எடுக்கவும் கற்றுக்கொடுத்தான், பச்சையைத் தொட்டால் போதாது, மேலே இழுக்க வேண்டும் என்பது வரை. இவனுக்கு அஞ்சு ஸ்டார்.

மகள் விஷயம் இன்னொன்று. வயது பதின்மூன்று. மாதாமாதம் என்ன வேண்டும், எந்தக் கடை, எந்த பேக்கெட் என்று வீட்டுக்காரரை உட்காரவைத்து நானே வகுப்பெடுத்தேன். மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் டீ ஃபேக்டரியில் வேலை, குறிப்பு எடுக்கிற பழக்கம் உண்டு, லீஃப் எடை எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டார். கடைசியில் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அங்க சிறு விவசாயிக்குப் பச்சை இலை கிலோவுக்கு என்ன கொடுக்கறாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வா." கென்யாவில் சிறு விவசாயிகளே பங்குதாரராக இருக்கும் ஃபேக்டரிகள் உண்டு, வருஷக் கடைசியில் போனஸ் கொடுப்பார்கள் என்று குன்னூர் ஏலத்துக்குப் போய் வருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் பிள்ளைகளுக்காகப் போகிறேன், இவர் என்னை இலை விலைக்காக அனுப்புகிறார்.

கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஒருவருக்கொருவர் நேரம் தெரியட்டும் என்று சமையலறையில் இன்னொரு கடிகாரம் வாங்கி, அந்த நேரம் வைத்து மாட்டினேன், இதுவும் என் சொந்த ஐடியா. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அத்தை அதைப் பார்த்து பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். "என்னடி இன்னும் ஆறரைதானே" என்கிறார், வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. கடிகாரத்தைப் பிள்ளைகள் அறைக்கு மாற்றியாயிற்று.

குழந்தைகளோடு வேலை செய்ய வெளிநாடு போக நினைக்கிற டீச்சர்கள் இந்த மாதிரிச் சேவையில் சேரலாம். என்ன கொடுக்கிறார்கள் என்பதை அப்புறம் பாருங்கள், உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஸ்வெட்டரை நீங்களே எடுத்துவையுங்கள். வீட்டு நம்பர்களை மாற்றக் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள், வங்கி ஒன்றுக்கே பத்து நாள் ஆனது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள் என்று இதையெல்லாம் விவரமாக எழுதி அவர்களுக்கு மெயில் போட்டிருந்தேன். நல்ல யோசனை, திரும்பி வந்ததும் அந்த வகுப்பை நீங்களே எடுங்கள் என்று நேற்று பதில் வந்தது. சம்பளம் பற்றி அதிலும் ஒன்றும் இல்லை.