மான் கறிக்கு வேக்யூம் மிஷினா, ஃப்ரீசர் பேப்பரா?

நவம்பரில் மான் சீசன் முடிந்ததும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சட்பரி பக்கம் குடியிருக்கிற எங்களுக்கு ஒரு இனிய தொல்லை வரும். வேட்டைக்குப் போகிற அக்கம்பக்கத்தார் யாராவது மானிடூலின் தீவில் மான் அடித்துக் கொண்டுவந்து, "பாதி உங்களுக்கு" என்று வாசலில் நிற்பார்கள். ஒண்டாரியோவில் காட்டு விலங்கின் கறியை விற்கக்கூடாது, கொடுக்கலாம். அதனால் தாராளமாகவே கொடுப்பார்கள். (ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு: நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கறி வீட்டில் இருந்தாலே வழக்குதான். இங்கே நான் சொல்வது உரிமம் எடுத்து, சீசனில் மட்டும் சுடுகிற கனடாக் கதை.)

ஒரு வெள்ளைவால் மானில் எலும்பை நீக்கினால் 20 முதல் 30 கிலோ கறி தேறும். பாதி என்றாலும் ஒரு குடும்பத்துக்கு அடுத்த கோடை வரை வரும். அதுவரை கெடாமல், காயாமல் வைத்திருப்பதற்கு இங்கே இரண்டு கட்சி உண்டு. ஒன்று, காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டுகிற வேக்யூம் சீலர் கட்சி. இன்னொன்று, கிளிங் ஃபிலிமில் (ஒட்டிக்கொள்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி அதன்மேல் ஃப்ரீசர் பேப்பரில் மடிக்கிற பழைய கட்சி. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு நான் பேப்பர் பக்கம் வந்துவிட்டேன். கறியை எலும்போடு வெட்டுகிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டேக் மட்டும் போடுகிறவர்களுக்கு என் தீர்ப்பு பாதிதான் பொருந்தும்.

பொதுவான விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் கிருமி வளராது. ஆனால் கறியின் மேல்பரப்பில் உள்ள பனி அப்படியே ஆவியாகிப் போய், அந்த இடம் சாம்பல் பூத்துச் சக்கையாகிவிடும். இதைத்தான் ஃப்ரீசர் பர்ன் என்கிறார்கள். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும். காற்று படுவதுதான் காரணம். ஆக எந்த முறையானாலும் வேலை ஒன்றே: கறிக்கும் காற்றுக்கும் தொடர்பை அறுப்பது.

அதில் மிஷின் கெட்டிக்காரத்தனமானது என்பதில் சந்தேகமே இல்லை. பொத்தானை அமுக்கினால் பை கறியோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும். எலும்பில்லாத முதுகுச் சதையை அப்படி வைத்தால் அடுத்த வருடம் எடுத்தாலும் சிவப்பாகவே இருக்கும் என்று அதை வைத்திருக்கிற நண்பர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். எங்கள் வீட்டில் அந்தச் சதை பொங்கலைத் தாண்டியதில்லை.

சிக்கல் எலும்பில்தான். மானின் தொடையை இங்கே உள்ளவர்கள் எலும்பிலிருந்து உரித்து ரோஸ்ட்டாகவும் ஸ்டேக்காகவும் எடுப்பார்கள். நாம் குழம்புக்கு வெட்டுகிறோம். முன்னங்கால், விலா, தொடை எலும்பு எல்லாம் கத்தியின் கீழே இரண்டு அங்குலத் துண்டுகளாகப் போகும். மான் எலும்பு ஆட்டெலும்பைவிட இறுகியது, வெட்டும்போது ஊசி ஊசியாகப் பிளக்கும். அந்தத் துண்டுகளைப் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சினால், பையின் பிளாஸ்டிக் அந்த ஊசி முனைகளின்மேலேயே இழுத்துப் பிடித்து நிற்கும். சில பைகள் அப்போதே உஸ்ஸென்று காற்று வாங்கிவிடும். அது பரவாயில்லை, பிரித்து மறுபடி ஒட்டலாம். மோசமானது அன்றைக்கு நன்றாக ஒட்டி, பிறகு ஓட்டையாவது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும். பெட்டி ஃப்ரீசரில் அடியில் கிடக்கிற இறாலைத் தேடுகிறோம் என்று மேலே உள்ள பொட்டலங்களைக் கிளறுவோம். கல்லாக உறைந்த பொட்டலங்கள் ஒன்றோடொன்று மோதும். விலா எலும்பு இருக்கிற இடத்தில் மயிரிழை ஓட்டை விழும். பை தொளதொளவென்று ஆகியிருப்பதைப் பங்குனி வாக்கில் பார்ப்பீர்கள். உள்பக்கம் பனித்தூள் படிந்திருக்கும். காற்று போய் எத்தனை வாரமாயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. எலும்பு முனைமேல் கெட்டியான துணியோ மடித்த பேப்பரோ வைத்து ஒட்டலாம், கறியை ஒன்றிரண்டு மணி நேரம் விறைக்க வைத்துப் பிறகு ஒட்டலாம், இரட்டைப் பை போடலாம். எல்லாம் ஓரளவு உதவும். ஆனால் மிஷினுக்குப் பேப்பர் சுற்றுவதென்றால் மிஷின் எதற்கு என்று ஒரு கட்டத்தில் தோன்றிவிட்டது. தவிர, பைச்சுருள் மலிவில்லை. ஓட்டையான ஒவ்வொரு பையும் குப்பைக்குப் போகிற காசு. ரத்தநீர் ஒட்டுகிற விளிம்பில் ஏறினால் அங்கே ஒட்டு பிடிக்காது, அந்தப் பையும் வீண்.

பேப்பர் முறை இதற்கு நேர்மாறு. எலும்பு குத்தினாலும் குத்துகிற இடத்தில் இன்னும் இரண்டு மடிப்பு இருக்கும். ஃப்ரீசர் பேப்பர் என்று கேட்டே வாங்க வேண்டும். ஒருபக்கம் பிளாஸ்டிக் பூச்சு பளபளப்பாக இருக்கும், அந்தப் பக்கம்தான் கறியைப் பார்க்க வேண்டும். கறிக்கடையில் சுற்றித் தருகிற சாதாரணப் பழுப்புத் தாள் உதவாது, மெழுகுத்தாளும் உதவாது. நான் செய்வது இப்படி: கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவை அடைபோலத் தட்டையாகப் பரப்பி, கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுவேன். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் துண்டுகளுக்கு இடையே உள்ள காற்று வெளியேறும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மீதி வேலை எல்லாம் வீண். அப்புறம் பேப்பரின் நீள ஓரங்கள் இரண்டையும் கறிக்குமேல் சேர்த்துப் பிடித்து, கறியைத் தொடும்வரை மடித்து மடித்து இறக்குவேன். இரண்டு நுனிகளையும் முக்கோணமாக மடக்கி அடியில் கொடுத்து ஃப்ரீசர் டேப் ஒட்டுவேன். சாதா செலோடேப் குளிரில் உரிந்துவிடும். மார்க்கரால் பேப்பரில் எழுதினால் அழியாது: மான், முன்னங்கால், எலும்போடு, இன்ன மாதம்.

பேப்பரின் குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே கறி எப்படி இருக்கிறது என்று தெரியாது, எழுத மறந்தால் தொலைந்தோம். வேக்யூம் பையை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் போட்டு அவசரத்துக்கு உருக்கலாம், பேப்பர் பொட்டலத்தை முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இறக்கியாக வேண்டும். அடியில் தட்டு வைக்காவிட்டால் ரத்தம் கீழ்த்தட்டு வரை வடியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரியாணி ஆசை வருகிற வீடு என்றால் மிஷின் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

எலும்பைப் பற்றி இன்னொன்று. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் போன்ற மாகாணங்களில் மான்களுக்கு சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் இருக்கிறது. மனிதர்களுக்குத் தொற்றியதாக உறுதியான தகவல் இதுவரை இல்லை. ஆனாலும் அது வேக வைத்தால் போகிற கிருமி இல்லை. அந்தப் பக்கங்களில் மானைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், எலும்பை நீக்கி எடுங்கள், மூளையையும் தண்டுவடத்தையும் தொடாதீர்கள் என்பதுதான் அரசாங்க அறிவுரை. அங்கே இருப்பவர்கள் எலும்புக் குழம்பை மறந்துவிட வேண்டியதுதான். எலும்பு போனால் என் வாதத்தின் முக்கால்வாசியும் போய்விடுகிறது, மிஷினையே வாங்கலாம். நாங்கள் இங்கேயும் தலை, முதுகெலும்புப் பக்கம் போவதில்லை.

கொத்துக்கறிக்கு இந்தச் சண்டையே வேண்டாம். எப்படி வைத்தாலும் மூன்று நான்கு மாதத்தில் ருசி இறங்க ஆரம்பிக்கும், முழுத்துண்டுகள்தான் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் தாங்கும். ஜிப் பையில் தட்டையாக அடைத்து, வாயை மட்டும் திறந்தபடி தண்ணீர்ப் பாத்திரத்தில் மெதுவாக அமிழ்த்தினால் தண்ணீரே காற்றை வெளியே தள்ளிவிடும். அப்படியே மூடிவிட்டால் போதும்.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக, நம் சமையலறைப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். மஞ்சளும் உப்பும் பிசறி ஃப்ரீசரில் வைப்பதைச் சொல்கிறேன். மஞ்சளோடு சண்டை இல்லை. உப்பு கொழுப்பைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும், மைனஸ் 18லும் அந்த வேலை மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். மான் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், நாற்றமும் அதிலிருந்துதான் கிளம்பும். வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் முதலிலேயே செதுக்கி எறிந்துவிடுங்கள். உப்பு அடுப்பேறும்போது போட்டால் போதும்.

ஒரே நாளில் மொத்தத்தையும் உள்ளே திணிக்கவும் கூடாது. ஒரு கன அடி இடத்துக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று பவுண்டுக்குமேல் புதுக் கறி வைக்காதீர்கள் என்பார்கள். ஏழு கன அடிப் பெட்டி என்றால் இருபது பவுண்டோடு நிறுத்திக்கொண்டு, மீதியை மறுநாள் வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மெதுவாக உறைந்தால் உள்ளே பனிக்கட்டி பெரிதாகி, உருக்கும்போது சாறெல்லாம் ஓடிவிடும்.

காட்டு வாத்து, மீன் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. வாத்தின் தோலில் கொழுப்பு அதிகம் என்பதால் அங்கே மிஷின் ஜெயிக்கலாம் என்று நினைக்கிறேன். மீனை வேக்யூமில் வைத்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஃப்ரிட்ஜில் உருக வைக்கும்போது பையைத் திறந்துவிட வேண்டும், காற்றில்லாத பைக்குள், உணவை நஞ்சாக்குகிற பாட்டுலிசம் கிருமிக்குக் கொண்டாட்டம். யாராவது கரடிக் கறி கொடுத்தால், ஃப்ரீசரில் கிடந்தது, புழு செத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தக் குளிர்நாட்டுக் கரடிகளில் இருக்கிற டிரிக்கினெல்லா உறைபனிக்கும் சாகாத வகை. எந்த உறையில் இருந்து எடுத்தாலும், உள்ளே 74 டிகிரி வரும்வரை வேக வைத்தே சாப்பிடுங்கள்.