எவலின் பிரஷ்: எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்கு இந்தச் சுயமாதிரிக் கிட் பொருந்துமா?

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பெண்கள் தள்ளிப்போடுவதற்கு முதல் காரணம் அந்த மேசை. கால்களை விரித்துப் படுக்க வேண்டும், யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவி உள்ளே போகும், முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பார். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது: என் நிலை தெரிந்தால் எப்படி நடத்துவார்களோ? பெண்ணே வீட்டில் தன் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் சுயமாதிரிக் கிட் இந்த இரண்டு தயக்கங்களையும் கணிசமாகக் குறைக்கிறது. அந்த வகையில் நெதர்லாந்தின் ரோவர்ஸ் நிறுவனம் தயாரிக்கும் எவலின் பிரஷ்ஷை இங்கே எடுத்துப் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரஷ் நன்றாக இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் இத்தகைய கிட்களோடும் ரிப்போர்ட்டோடும் வழக்கமாக வரும் அறிவுரை எச்.ஐ.வி. இல்லாத பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அதன் நடுவில் இரண்டு பக்கமும் நீட்டிய சிறகுகள், பின்னால் இளஞ்சிவப்புத் தண்டு, குழாய்க்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை பிரஷ், முன்னால் ஒரு மூடி. அவ்வளவுதான். திரவம் எதுவும் கிடையாது, இதை நாங்கள் பெரிய நன்மையாகக் கருதுகிறோம். திரவக் குப்பியோடு வரும் கிட்களில் மெத்தனால் கலந்த பாதுகாப்புத் திரவம் இருப்பதுண்டு. அது சிந்தினால் மாதிரி போச்சு, தோலில் பட்டால் எரிச்சல், குழந்தைகள் கையில் கிடைத்தால் இன்னும் மோசம். உலர் பிரஷ்ஷை உறையில் போட்டு அறை வெப்பத்திலேயே அனுப்பிவிடலாம்.

எடுக்கும் முறை இதுதான். சிறுநீர் கழித்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். மூடியின் பக்கங்களை அழுத்திக் கழற்றுங்கள். நின்றோ, குந்தியோ, படுத்தோ, உடம்பு தளர்வாக இருக்கும் நிலையில், சிறகுகள் வெளி உதடுகளைத் தொடும்வரை குழாயை யோனிக்குள் செலுத்துங்கள். சிறகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்டை ‘கிளிக்’ சத்தம் வரும்வரை தள்ளுங்கள். அப்போதுதான் பிரஷ் வெளியே வரும். தண்டை ஒரே திசையில் ஐந்து முழுச் சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிளிக் கேட்கும். பிறகு வெளியே எடுத்து, தண்டைப் பின்னுக்கு இழுத்து பிரஷ்ஷைக் குழாய்க்குள் கொண்டுவந்து, மூடியைக் கிளிக் வரும்வரை அழுத்துங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் சிலவே, ஆனால் ஒவ்வொன்றும் மாதிரியைக் கெடுக்கக்கூடியது. தண்டைத் தள்ள மறந்தால் பிரஷ் குழாய்க்குள்ளேயே இருக்கும், வெறும் பிளாஸ்டிக்தான் சுற்றும். சிறகு தொடும் முன்பே நிறுத்தினால் பிரஷ் வாசலருகிலேயே நின்றுவிடும். எடுத்த பிறகு ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினால் செல்கள் போய்விடும். மாதவிடாய் நாட்களில் எடுத்தால் மிகுந்த இரத்தம் பரிசோதனையைக் குலைக்கலாம். யோனியில் பூஞ்சைக்கான களிம்போ ஜெல்லோ வைத்திருந்தால் அதுவும் அப்படியே, எனவே இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். பிரஷ்ஷில் இலேசாகச் சிவப்புத் தெரிந்தால் பதற வேண்டாம், உரசலில் வரும் சிறு கசிவு அது. கருப்பை வாயைத் ‘தொட்டுவிட்டோமா’ என்ற கவலையும் வேண்டாம். இந்தப் பரிசோதனை தேடுவது கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸை. யோனியில் உதிர்ந்து கிடக்கும் செல்களிலேயே அதன் டி.என்.ஏ. கிடைக்கும்.

பிரஷ் பாதிதான். மீதி, ஆய்வகம் எந்தப் பரிசோதனையை ஓட்டுகிறது என்பதில் இருக்கிறது. பணம் கட்டும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள். பி.சி.ஆர். முறையில், அதாவது வைரஸின் டி.என்.ஏ.வையே பல மடங்கு பெருக்கிச் செய்யும் எச்.பி.வி. பரிசோதனை என்றால், சுயமாதிரியும் மருத்துவப் பணியாளர் எடுத்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே அளவு திறனோடு புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிக்கின்றன. டி.என்.ஏ.வைப் பெருக்காமல் அது தரும் சிக்னலை மட்டும் பெருக்கிப் பார்க்கும் வகைப் பரிசோதனைகளில் சுயமாதிரி சற்றுப் பின்தங்குகிறது.

இன்னொன்றும் முக்கியம். எக்ஸ்பெர்ட் எச்.பி.வி., கோபாஸ் போன்ற பி.சி.ஆர். பரிசோதனைகள், மாதிரியில் மனிதச் செல்கள் இருக்கின்றனவா என்பதையும் கூடவே சரிபார்க்கின்றன. செல்கள் போதவில்லை என்றால் ‘செல்லாது’ என்று வரும், மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கேர் எச்.பி.வி. போன்றவற்றில் அந்தச் சரிபார்ப்பு இல்லை. வெறும் பிரஷ்ஷை அனுப்பினாலும் ‘நெகட்டிவ்’ என்றே வரலாம். வீட்டில் தனியாக மாதிரி எடுக்கும் பெண்ணுக்கு இது சாதாரண வித்தியாசம் இல்லை. உலர் பிரஷ்ஷிலிருந்து செல்களைத் திரவத்தில் கலக்கி எடுக்கும் முறையையும் ஆய்வகம் தானே சோதித்து உறுதிசெய்திருக்க வேண்டும். திரவம் கூடிப்போனால் மாதிரி நீர்த்துவிடும்.

இனி, முதலில் சொன்ன அந்த அறிவுரையில் என்ன பிசகு என்று பார்ப்போம். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருக்கும்போது எச்.பி.வி. எளிதில் அகலாது, ஒரே நேரத்தில் பல வகைகள் தங்கும், அடங்கிக் கிடந்ததும் மீண்டும் தலைதூக்கும். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை குறையக் குறைய இது மோசமாகும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது, ஆனால் பூஜ்யமாக்குவதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு தனித்தனி அட்டவணைகளைத் தருகிறது. பொதுவான பெண்களுக்கு 30 வயதில் தொடக்கம், 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே தொடக்கம், 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. ‘நெகட்டிவ், பத்து ஆண்டு கழித்து வாருங்கள்’ என்று ரிப்போர்ட் சொன்னால், அந்த வரி உங்களுக்கானது அல்ல.

பாசிட்டிவ் வந்தால் வித்தியாசம் இன்னும் கூர்மை. எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாசிட்டிவ் ஆவோர் அதிகம், அவர்களில் பலருக்குச் சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருக்காது. எனவே பாசிட்டிவ் என்றதும் நேராகச் சிகிச்சைக்குப் போகாமல், நடுவே இன்னொரு சோதனையால் தரம் பிரிக்கச் சொல்கிறது வழிகாட்டுதல். எந்த வகை வைரஸ் என்று பார்ப்பது, அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு எழுகிறதா என்று பார்ப்பது, கால்போஸ்கோபி (உருப்பெருக்கும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பது), செல் பரிசோதனை ஆகியவற்றில் ஒன்று. வகைப் பிரிப்பு மட்டுமே அதே மாதிரியில் முடியும். மற்ற எதற்கும் நீங்கள் தவிர்க்க நினைத்த அந்த மேசைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சுயமாதிரிக் கிட்டை விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை என்பது எங்கள் வருத்தம். பாசிட்டிவ் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, எங்கே போவது என்று சொல்லாமல் கைவிடும் சேவைக்கு எவ்வளவு நல்ல பிரஷ் இருந்தும் பயனில்லை.

தரம் பிரிக்கும் சோதனையில் ஒன்றும் இல்லை என்றால், 12 மாதத்தில் மறுபரிசோதனை. பொதுவான பெண்களுக்கு இது 24 மாதம். சிகிச்சை பெற்றால், 12 மாதத்தில் ஒன்று, அது நெகட்டிவ் என்றாலும் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று. இரண்டும் நெகட்டிவ் ஆன பிறகே வழக்கமான இடைவெளிக்குத் திரும்பலாம். சிகிச்சைக்குப் பின் மாற்றங்கள் திரும்ப வருவது எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம் என்பதே இந்த இரண்டாவது சுற்றுக்குக் காரணம். வெப்பத்தால் சுட்டு நீக்கும் சிகிச்சை எடுத்தால் புண் ஆற ஒரு மாதம் ஆகும். அதுவரை உறவைத் தவிர்க்க வேண்டும், முடியாதபோது ஆணுறை கட்டாயம். ஆறாத புண்ணிலிருந்து எச்.ஐ.வி. வெளிப்படுவது கூடலாம்.

படிவத்தில் எச்.ஐ.வி. நிலையைக் கேட்கும் கட்டம் இருந்தால் நிரப்பத் தயக்கம் வருவது இயல்பு. பிரஷ்ஷுக்கோ இயந்திரத்துக்கோ அந்தத் தகவல் தேவையில்லை. அடுத்த தேதியைக் குறிப்பவருக்குத்தான் தேவை. ஆகவே ஏ.ஆர்.டி. மையத்திலேயே கிட் கொடுத்து அங்கேயே ரிப்போர்ட்டும் தரும் சேவை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கே நிலையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. அளவு) பார்க்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே எச்.பி.வி. கார்ட்ரிட்ஜையும் ஓட்டலாம், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு வரும்.

யாருக்கு இந்தக் கிட் வேண்டாம்? கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி மூன்று மாதம் ஆகாதவர்களுக்கும் வேண்டாம். உறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் கிட்டுக்காகக் காத்திராமல் நேராக மருத்துவரிடம் போங்கள். இது அறிகுறி இல்லாதவர்களைச் சல்லடை போடும் கருவி. அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் வீண் நிம்மதியைத் தந்துவிடும். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையை நிறுத்தக் கூடாது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் தொற்றைத் தடுப்பூசி அகற்றாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும், அதில் அச்சிட்டிருக்கும் அடுத்த தேதியை அடித்துவிட்டு, உங்களுக்கான தேதியை ஏ.ஆர்.டி. அட்டையில் மருத்துவரைக் கொண்டே எழுதி வாங்குங்கள்.