கேம்பர் வேன் கூரையில் 400 வாட்: சிங்கப்பூர் வெயிலில் எது தாங்குகிறது

இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. சூடும் நிழலும்தான் தொல்லை. படுத்துறங்கிப் பயணம் போகும் கேம்பர் வேனுக்குச் சூரிய மின்பேனல் வாங்கும்போது அதன் வாட் கணக்கையே பார்க்கிறோம். ஆண்டுக்கணக்கில் ஓட்டும்போதோ, வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரிப் பெட்டிக்குக் காற்று வருகிறதா என்பவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

இங்கே பேசுவது இந்த அமைப்பைப் பற்றி: 200 வாட் மோனோ பேனல் இரண்டு, பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் 100/30 (100 வோல்ட், 30 ஆம்ப்) எம்பிபிடி கன்ட்ரோலர், 12.8 வோல்ட் 200 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, எஞ்சினிலிருந்து ஏற்ற 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல மாற்றித் தரும் 1,000 வாட் இன்வெர்ட்டர்.

கணக்கை ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். மூடிய வேனின் புழுக்கத்தில் பாதி நேரமாவது அது ஓடும். நாளுக்கு 540 வாட்-மணி அதற்கே போய்விடும். கூரை விசிறி 25 வாட்டில் பத்து மணி நேரம் ஓடினால் 250. விளக்கு, கைப்பேசி, மடிக்கணினிக்கு 150. மொத்தம் 940. இன்வெர்ட்டரை அணைக்க மறந்தால், ஒன்றும் செருகாமலே 10 வாட் வீதம் நாளுக்கு இன்னும் 240 கரையும்.

வரவு? ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நாலேகால் மணி முழுவெயில் என்று வைத்து, இழப்புக்கு 30 விழுக்காடு கழித்தால் 1,190 வாட்-மணி. சாதாரண நாளில் தாராளம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள் முழுக்க மூடிக்கொண்டால் அதில் கால்பங்கு, 300 வந்தாலே பெரிது. அப்போது நாளுக்கு 640 குறையும். 2,560 வாட்-மணி பேட்டரி, அடிவரை காலி செய்யாமல், மூன்றரை நாள் தாங்கும். அதற்காகத்தான் 200 ஆம்ப்-மணி. 100 போதும் என்பவர்கள் ஜூலையில் கணக்குப் போட்டவர்கள்.

பேனலைச் சாய்க்கும் தாங்கிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். சூரியன் உச்சிக்கருகே போவதால் தட்டையாகப் படுத்திருப்பதே சரி. அதற்கு விலையாக, சட்டத்தின் ஓரத்தில் மழைநீர் தேங்கி அழுக்குக் கோடு படியும். அந்தக் கோடு கடைசி வரிசைச் செல்களை மறைத்து, உற்பத்தியைக் கண்ணுக்குத் தெரியாமல் குறைக்கும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சூடு வேறு விஷயம். நண்பகலில் செல் 65 பாகையைத் தொடும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைவதால், 400 வாட் 345க்கு இறங்கிவிடும். அதனால் கூரைக்கும் பேனலுக்கும் இடையே 4 சென்டிமீட்டராவது காற்றிடம் விடுங்கள். கூரையோடு ஒட்டும் வளையும் பேனல் பார்க்க அழகு. ஆனால் காற்றில்லாமல் வெந்து, உறை கொப்பளித்து, செல்லில் கருகல் புள்ளி விழும். இந்தத் தட்பவெப்பத்துக்கு அதைப் பரிந்துரைக்கவே முடியாது.

சூட்டில் மின்னழுத்தமும் சரியும். பல எம்பிபிடிகள் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக வந்தால்தான் விழிக்கும். இரண்டு 12 வோல்ட் பேனலைத் தொடராக இணைத்தால் காலையில் சீக்கிரம் தொடங்கும், வயரிலும் இழப்பு குறையும். எப்போதும் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இணையாக இணைப்பது மேல்; ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது உழைக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் கீழ்த்தளத்தில் எந்தப் பேனலும் பயன்படாது. மேல்தளத்துக்கு ஏறுமுன் பேனலோடு சேர்த்து உயரத்தை அளந்து, நுழைவாயில் வரம்போடு ஒப்பிடுங்கள். கூரையில் எதைப் பொருத்துவதாக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளை முதலில் பாருங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி ஏற்றுவது இங்கே குற்றம். டிசி-டிசி சார்ஜர் பயணத்துக்கு மட்டுமே. ஜோகூர்ப் பக்கம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஏறத்தாழ 60 ஆம்ப்-மணி ஏறும். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெடுநேரம் ஊர்ந்தால், குறைந்த சுழற்சியில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும் மின்னாக்கி) சூடாகும். சார்ஜரைப் பாதி ஆம்புக்கு இறக்கிவிடுங்கள்.

கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிவரை ஒன்றரை மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரி பக்கம் 40 ஆம்ப் ஃபியூஸ். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 30 ஆம்பில் 0.4 வோல்ட் வழியிலேயே போகும். பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கன்ட்ரோலர் ஏமாறும். இன்வெர்ட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர், 125 ஆம்ப் ஃபியூஸ். வெள்ளீயம் பூசிய செம்பு வயரையே வாங்குங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்காற்றில் வெறும் செம்பு பச்சை பிடித்துவிடும். பேனல் வயர்களைப் பூட்டும் எம்சி4 இணைப்பிகளை வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வாங்கிச் சேர்த்தால் முதலில் உருகுவது அந்த இடம்தான்.

பேட்டரியைப் பொறுத்தவரை, குளிரில் சூடேற்றும் வசதிக்கு இங்கே வேலையில்லை. கேமரன் மலையிலும் தேவைப்படாது. வெயிலில் நிற்கும் வேனில் 55 பாகை தாண்டினால் பேட்டரிக்குள் காவலாக இருக்கும் பிஎம்எஸ் மின்சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடக்கூடும். அதனால் இருக்கைக்கு அடியில், காற்றோட்டத்தோடு வையுங்கள். மின்னேற்ற அளவு 14.2 வோல்ட், நிறைந்தபின் தக்கவைக்கும் ஃப்ளோட் அளவு 13.4. வாரக்கணக்கில் நிறுத்துவதானால் 50-60 விழுக்காட்டில் விட்டுச் செல்லுங்கள்.

வோல்ட் மீட்டரை நம்பி லித்தியத்தின் இருப்பைச் சொல்ல முடியாது. உள்ளே வரும், வெளியே போகும் ஆம்பை எண்ணும் ஷன்ட் மானி வேண்டும். அதுவும் முழுதாக நிறையும்போதுதான் தன் கணக்கைச் சரிசெய்யும். மழை மாதத்தில் பத்து நாள் நிறையாமலே ஓடினால் 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்துவிடலாம். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை வீட்டு மின்சாரத்தில் செருகி முழுதாக ஏற்றிவிடுங்கள்.