பில்லில் பாராலீகல், கடிதத்தில் பார்வையாளர்: சட்ட மாணவர்கள் கவனத்துக்கு

சட்டம் படிக்கும் பிள்ளைகளை 'பாராலீகல்' (வக்கீலுக்குச் சட்ட வேலையில் உதவும், வக்கீல் அல்லாத உதவியாளர்) என்று சேர்த்துக்கொண்டு, அவர்களுக்குச் சம்பளம் தராமல், அவர்களுடைய நேரத்தைக் கட்சிக்காரர் தலையில் பில்லாகக் கட்டும் அலுவலகங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் ஒரு செமஸ்டர் முழுக்க வேலை பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு பெயர்ப்பலகையின் கீழ் நடந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

சட்ட ஆராய்ச்சி, மனு வரைவு, கட்சிக்காரர் சந்திப்பு, முடிவில் அனுபவச் சான்றிதழ் என்றுதான் விளம்பரம் செய்திருந்தார்கள். முதலில் சம்பளம் கிடையாது, வேலையைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்றார்கள். எழுத்தில் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். "நாமெல்லாம் குடும்பம் மாதிரி தம்பி, காகிதமெல்லாம் எதுக்கு?" என்றார் அங்கே பெரியவர். காகிதத்தை வைத்தே பிழைக்கிறவர் பேசுகிற பேச்சா இது!

உள்ளே போனதும் கிடைத்தது ஸ்கேன், நகல், பக்க எண், அட்டவணை. இதில் எனக்குக் குறை இல்லை. கேஸ் கட்டை ஒழுங்காகக் கோக்கத் தெரியாதவர், "எந்தப் பக்கம்?" என்று நீதிபதி கேட்கும்போது திருதிருவென்று முழிப்பார். கெடு தேதிகளைக் குறித்து வைப்பது, நடந்ததைத் தேதிவாரியாகத் தொகுப்பது எல்லாமே பாராலீகல் வேலையின் அடிப்படைதான். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது திருத்தினால் அது நல்ல பயிற்சி. அங்கே திருத்த ஆளே இல்லை. நான் தயாரித்த தேதிப் பட்டியல் ஒவ்வொன்றிலும் 'கடைசியாகத் திருத்தியவர்' என்ற இடத்தில் கடைசி வரை என் பெயர்தான் இருந்தது.

அதைவிட மோசம் தொலைபேசி. சீனியர் கோர்ட்டில் இருந்தால் "நீயே சமாளி" என்று என்னிடம் கொடுத்துவிடுவார்கள். வாடகைத் தகராறில் சிக்கிய ஒரு அம்மா, "நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விட்டால் என்ன ஆகும் சார்?" என்று கேட்டார். நான் வக்கீல் என்றே அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் மாணவன்தான் அம்மா, வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் எனக்குத் திட்டு. "மாணவன்னு சொன்னா கட்சிக்காரருக்கு நம்பிக்கை போயிடும்." வக்கீலாகப் பதிவு செய்யாதவர் தன்னை வக்கீல் என்று காட்டிக்கொள்வது பல நாடுகளில் குற்றம். அலுவலகத்துக்கு அது ஒரு நாள் சங்கடம், அவ்வளவுதான். உங்களுக்கோ, படிப்பு முடிந்து பதிவுக்குப் போய் நிற்கும்போது நன்னடத்தை பற்றிய கேள்வியாக வந்து நிற்கும். வக்கீல் அல்லாத உதவியாளர்களைச் சரியாகக் கண்காணிப்பது வக்கீலின் பொறுப்பு என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 5.3 சொல்கிறது. அந்தப் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்ளாத இடத்தில் போனை எடுக்காதீர்கள்.

சரி, பில் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் செய்யச் சொல்லிக் கொடுத்த கட்டு ஒன்றின் நடுவில், கட்சிக்காரருக்குப் போன பில் ஒன்று இருந்தது. அதில் என் பெயரின் முதலெழுத்துகள். எதிரே 'ஆவணப் பரிசீலனை, பாராலீகல், 6.5 மணி'. அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. காகிதம் சிக்கிச் சிக்கி நின்ற நகல் இயந்திரத்தோடு நான் மல்லுக்கட்டிய நாள் அது. ஒரு வரிகூட நான் பரிசீலிக்கவில்லை.

பாராலீகல் நேரத்துக்குப் பில் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில், பாராலீகல் வேலைக்குச் சந்தை விலைப்படி கட்டணம் பெறலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று, வெறும் குமாஸ்தா வேலையை யார் செய்தாலும் பாராலீகல் கட்டணத்தில் பில் போடக் கூடாது என்கிறது. என் விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. சம்பளம் கேட்டால் நான் கற்றுக்கொள்ள வந்த மாணவன். கட்சிக்காரரிடம் மட்டும் மணிக்கணக்கில் விலை போட்ட ஊழியர்.

இதைப் பற்றி அவர்களிடம் கேள்வி கேட்டதும் என் வேலை அங்கே முடிந்தது. சான்றிதழ் என்று கையில் தந்த கடிதத்தில், 'அவ்வப்போது வருகை தந்து அலுவலக நடைமுறைகளைக் கவனித்தார்' என்று இருந்தது.

ஒரு கடிதம்தானே என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் உள்ள முறையில், சொலிசிட்டர் (அங்கே ஒரு வகை வக்கீல்) ஆகத் தேவையான 2 ஆண்டு அனுபவத்தில் மாணவராக இருக்கும்போதே பாராலீகலாகச் செய்த வேலையும் சேரும். அதிகபட்சம் 4 இடங்களில் செய்ததைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சொலிசிட்டரோ, நிறுவனத்தின் விதிக் கண்காணிப்புப் பொறுப்பாளரோ அதை உறுதிப்படுத்த வேண்டும். விதி நாட்டுக்கு நாடு வேறு. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அடுத்த அலுவலகம் பார்ப்பது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

என்னைக் காப்பாற்றியது நான் எழுதி வைத்த நோட்டு. தேதி, எந்த வகை வேலை, யார் கொடுத்தது, எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். கட்சிக்காரர் பெயர் கிடையாது, ஆவண நகல் கிடையாது. இதில் கறாராக இருங்கள். அலுவலகம் உங்களை ஏமாற்றினாலும், ரகசியம் காக்கும் கடமை கட்சிக்காரருக்கானது, அது போய்விடாது. அந்தப் பில்லையும் நான் படமெடுக்கவில்லை. அடுத்த இடத்து நேர்காணலில் நோட்டைப் புரட்டிய சீனியர் அம்மா, கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு நோட்டிலிருந்தே கேள்வி கேட்டார்.

புதிதாகச் சேரப் போகிறவர்கள் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: என் வேலையை யார் திருத்துவார், என் நேரம் கட்சிக்காரருக்குப் பில் ஆகுமா, கடைசியில் கடிதத்தில் யார் என்ன எழுதிக் கையெழுத்திடுவார். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். தேர்வு வாரத்தில் வரச் சொல்வார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள், என்னை அப்படி வரச் சொன்னார்கள். 'பயிற்சிக் கட்டணம்' என்று உங்களிடமே பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடலாம். அங்கே இருப்பவரிடம் விசாரிக்காமல், அங்கிருந்து போனவரைத் தேடிப் பிடித்து விசாரியுங்கள்.

கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் எழுதிக் கொடுத்தேன், பட்டியலிலிருந்து அந்த அலுவலகத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அதே அலுவலகத்தார் 'சட்ட ஆராய்ச்சி உதவியாளர்' என்ற பெயரில் ஆள் தேடுகிறார்கள். நேர்காணலில் யாராவது "குடும்பம் மாதிரி" என்று ஆரம்பித்தால், பில் கேள்வியை முதலில் கேளுங்கள்.