சுங்கை சிப்புட் பிசிக்ஸ் டியூஷன்: அணுக்கரு பாடத்துக்கு நம்பிச் சேர்க்கலாம்

மகள் படிவம் 5. புத்தகத்தில் ஆறாவது பாடம் அணுக்கரு இயற்பியல் என்றதும் பிள்ளை மிரண்டுவிட்டாள். அவள் அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார், நான் ஆலை கேண்டீனில் இருக்கிறேன், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் பட்டணத்தில் துணிக்கடை மேல்மாடியில் நடக்கும் இந்த டியூஷனில் சேர்த்தோம். மாதம் 60 வெள்ளி. மூன்று மாதம் ஆகிவிட்டது.

சார் கணக்கைத் தொடுவதற்கு முன்னால் சொற்களைத்தான் பிடித்தார். எந்தத் தனிமம் என்பதைப் புரோட்டான் எண்ணிக்கைதான் சொல்லும், நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் தனிமம் அதேதான், ஐசோடோப்புதான் வேறு. யுரேனியத்துக்கு எப்போதும் 92 புரோட்டான். 143 நியூட்ரான் சேர்ந்தால் 235, 146 சேர்ந்தால் 238. பரீட்சை மலாயில் என்பதால் மலாய்ச் சொல்லையும் விடுவதில்லை. பெம்பெலாஹான் (அணுக்கருப் பிளவு) எது, பெலாகூரான் (அணுக்கரு இணைவு) எது என்று மகள் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். "கடையில் தேங்காயை பெலா பண்ண, அதாவது பிளக்கச் சொல்கிறோமே, பெம்பெலாஹானில் இருப்பது அந்த பெலாதான்" என்றாராம் சார். அதிலிருந்து பிளவையும் இணைவையும் அவள் குழப்பிக்கொள்வதே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுத்தாள். யுரேனியம் 235-ல் ஒரு நியூட்ரான் மோதினால் பேரியம் 141, கிரிப்டான் 92, கூடவே மூன்று நியூட்ரான் வரலாம். கூட்டிப் பாருங்கம்மா, இந்தப் பக்கம் 236, அந்தப் பக்கமும் 236. சரி, அப்புறம் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நிறை துளி குறைகிறது, அந்தக் குறைவுதான் ஆற்றலாக வெளியே வருகிறது என்று உடனே சொன்னாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரை ஆயுள் என்றால் கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்; அதைக் காட்ட வகுப்பில் அணுக்களுக்குப் பதில் 64 பத்து சென் காசு. டப்பாவில் குலுக்கிக் கொட்டி, எண் மேலே விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி குலுக்க வேண்டும். முதல் தடவை 35 மிஞ்சியது, அப்புறம் 16, அப்புறம் 9. எந்தக் காசு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி போய்விடும். 1982-லிருந்து சிலாங்கூரில் பாங்கி என்ற ஊரில் 1 மெகாவாட் ஆராய்ச்சி அணு உலை ஒன்று இருக்கிறது, அது மின்சாரம் எடுப்பதற்கு இல்லை என்பதும் இந்த வகுப்பால்தான் எனக்குத் தெரியும்.

குறை நோட்ஸில்தான். நகலுக்கு நகல் எடுத்து, தனிமத்தின் பக்கத்தில் வரும் சின்ன எண்கள் மங்கிப் போயிருக்கின்றன. மகள் 235-ஐ 285 என்று படித்து, சமன்பாடு சரிவராமல் ராத்திரி பதினொரு மணி வரை அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்தப் பாடமே அந்தச் சின்ன எண்களில்தானே இருக்கிறது! சாரிடம் சொன்னேன், மாற்றித் தருவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை. சேர்க்கிறவர்கள் வெண்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மேல்மாடியில் புழுக்கம் அதிகம், தண்ணீர் போத்தல் கொடுத்தனுப்புங்கள்.